லில்லி பாரின் இடது கால்

2025 செப்டம்பர் 27. எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு போன், அதைச் சுத்தி நாலு தலை. பெண்கள் ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று ஜெயித்தது. நாலு பேர்ல ஒருத்தருக்கும் ரக்பி ரூல்ஸ் முழுசா தெரியாது, அது வேற விஷயம். ஸ்கோரை விட எனக்கு மனசுல நின்னது அன்னிக்கு மைதானத்துக்கு வந்தவங்க எண்ணிக்கைதான்: 81,885 பேர்.

பெண்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் வர்றது இப்போ பத்து வருஷமாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு, சும்மா தேடிப் பார்த்தேன். கிடைச்ச பதில் 1920. லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானம், 53,000 பேர் உள்ளே. டிக்கெட் கிடைக்காம வெளியே திரும்பிப் போனவங்களே பத்தாயிரத்துக்கு மேல. அது ரக்பி இல்ல, ஃபுட்பால். ஆடியது ஒரு இன்ஜினியரிங் கம்பெனியின் லேபர் டீம். அந்த டீம்ல பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி இடது விங்ல ஓடிக்கிட்டு இருந்தா. அவ பேர் லில்லி பார். அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சு ஒரு வாரம் அவளைப் பத்தித்தான் படிச்சேன். (அந்த வாரம் ஒரு இன்டர்னல் இருந்தது. அதைப் பத்திக் கேட்காதீங்க.)

லில்லி 1905 ஏப்ரல் 26 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில், செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் பிறந்தாள். ஏழு பிள்ளைகளில் நாலாவது. அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் கூலி. செயின்ட் ஹெலன்ஸ் கண்ணாடிக்குப் பேர் போன ஊர், அதைவிட ரக்பிக்குப் பேர் போன ஊர். அந்த ஊர்ல ஒரு பையன் பொறந்தா ரக்பி ஆடாம வளர்றது கஷ்டம். லில்லி பையன் இல்லை, ஆனா வீட்ல அண்ணன்கள் இருந்தாங்க. தையல், சமையல் எதிலும் அவளுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. வீட்டுப் பக்கத்தில் இருந்த பொட்டல்ல அண்ணன்களோட சேர்ந்து ரக்பியும் ஃபுட்பாலும் ஆடித்தான் வளர்ந்தாள். பயப்படாம மோதுறது, தள்ளினா விழாம நிக்கிறது, தூரமா உதைக்கிறது எல்லாம் அங்கே கிடைத்த பயிற்சி. வேற கோச் கிடையாது.

அவள் ஒன்பது வயதைத் தாண்டியபோது முதல் உலகப்போர் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போக, லேத், டிரில், கிரேன் எல்லாத்துக்கும் பெண்கள் வந்தார்கள். லில்லி ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிரெஸ்டன் நகரம். அங்கே டிக், கெர் அண்ட் கம்பெனி என்று ஒரு பெரிய இன்ஜினியரிங் ஒர்க்ஸ். டிராம் வண்டிகள், மின்சார ரயில் சாமான்கள் செய்துகொண்டிருந்த இடம். போர் வந்ததும் குண்டு செய்ய ஆரம்பித்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆண்கள் முற்றத்தில் பந்து உதைப்பார்கள், பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். 1917-ல் ஆண்களின் டீம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்க, பெண்கள் அவங்களைக் கிண்டல் பண்ண, வாங்க ஆடிப் பார்க்கலாம்னு போட்டி வந்துச்சு. அந்த வருஷ கிறிஸ்துமஸ் அன்னிக்கு பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில், பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்களோடு முதல் பெரிய மேட்ச். பத்தாயிரம் பேர் வந்தாங்க. டிக்கெட் பணம் காயம்பட்ட வீரர்களின் ஆஸ்பத்திரிக்குப் போனது.

இதே மாசம், 1917 டிசம்பர் 16 அன்று, வேல்ஸில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் கார்டிஃப் பெண்களும் நியூபோர்ட் பெண்களும் ரக்பி ஆடினார்கள். நியூபோர்ட் 6-0 என்று ஜெயித்தது. போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன பொண்ணுங்க ஃபுட்பால், ரக்பின்னு பிரிச்சுப் பார்க்கல. எந்தப் பந்து கிடைச்சுதோ அதை எடுத்துக்கிட்டாங்க. ரக்பி அலை போர் முடிஞ்சதும் அடங்கிப்போச்சு. ஃபுட்பால் அடங்கல, ஏன்னா டிக், கெர் டீமுக்கு ஆல்ஃபிரெட் ஃபிராங்க்லாண்ட் என்று ஒரு மேனேஜர் இருந்தார். கம்பெனி ஆபீஸ்ல வேலை பார்த்தவர். எந்த ஊர்ல எந்தப் பொண்ணு நல்லா ஆடுறான்னு அவருக்குத் தெரியும். செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் டீம் இவங்களோட மோதித் தோத்துச்சு. அந்தத் தோத்த டீம்ல பதினாலு வயசு லில்லியை அவர் கவனிச்சார்.

வேலை தர்றேன், தங்க இடம் தர்றேன், ஒவ்வொரு மேட்சுக்கும் பத்து ஷில்லிங் தர்றேன் என்று கூட்டிக்கொண்டு போனார். லில்லி சம்பளத்தோட வுட்பைன் சிகரெட்டும் சேர்த்துக் கேட்டாள்னு ஒரு கதை உண்டு. பதினாலு வயசுல சிகரெட்டான்னு நமக்கு ஷாக்கா இருக்கும். அந்தக் காலத்துத் தொழிற்சாலை ஊர்ல அது பெரிய விஷயமா இல்ல போல. டீம்ல இருந்த ஆலிஸ் நோரிஸ் வீட்ல தங்கினாள். முதல் சீசன்லயே 43 கோல்.

ஆள் உயரம், கருகருன்னு முடி, பேச்சு கம்மி. இடது காலால் அடிச்சா பந்து எங்க போகும்னு எதிர் டீமுக்குத் தெரியும், ஆனா தடுக்க முடியாது. அந்தக் காலத்துப் பந்து இப்போ நாம ஆடுற பந்து மாதிரி கிடையாது. தோல், உள்ளே பிளாடர், மேலே ஷூ லேஸ் மாதிரி கட்டு. மழையில் நனைஞ்சா தோல் தண்ணியைக் குடிச்சு கனமாயிடும். லங்காஷயரில் மழை பெய்யாத நாள் கம்மி. அந்த ஈரப் பந்தை மைதானத்தோட ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு கிராஸ் அடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு தடவை உதைச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு ஆண் கோல்கீப்பர், ப்ரொஃபஷனல் ஆள், நீ அடிச்சு எனக்குக் கோல் போட முடியாதுன்னு சவால் விட்டாராம். லில்லி அடித்த பந்தைத் தடுக்கப் போய் அவர் கை உடைந்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள். கை உடைஞ்சுதோ இல்லையோ, அப்படி ஒரு கதை ஒரு பொண்ணைப் பத்திக் கிளம்பி நூறு வருஷம் நிக்குதுன்னா அவ உதையைப் பார்த்தவங்க நிறைய பேர் இருந்திருக்கணும்.

1920 ஒரே வருஷத்தில் நடந்ததை மட்டும் பாருங்க. ஏப்ரலில் பிரான்ஸிலிருந்து ஒரு பெண்கள் அணி இங்கிலாந்து வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர் ஆலிஸ் மிலியா. பெண்களுக்கு ஒலிம்பிக்ஸில் தடகளம் வேணும்னு சண்டை போட்டு, அது கிடைக்காதபோது பெண்களுக்குன்னு தனியாகவே உலகப் போட்டிகள் நடத்தின அதே ஆலிஸ் மிலியா. அவருடைய ஃபெமினா ஸ்போர்ட் கிளப்பில் பெண்கள் ஃபுட்பாலும் ஆடினார்கள், பாரெட் என்ற பெயரில் ரக்பியும் ஆடினார்கள். ஏப்ரல் 30 அன்று டீப்டேலில் முதல் சர்வதேச மேட்ச், 25,000 பேர், டிக், கெர் பெண்கள் 2-0. அக்டோபர் கடைசியில் இவர்கள் பிரான்ஸ் போனார்கள். பாரிஸில் 22,000 பேர் முன்னால 1-1 டிரா. அங்க ஒரு முடிவு பிடிக்காம கூட்டம் மைதானத்துக்குள்ளயே இறங்கிடுச்சு. மத்த மூணு ஊர்லயும் ஜெயிச்சுட்டுத் திரும்பினாங்க. குண்டு செய்யப் போன பொண்ணுங்க மூணே வருஷத்துல தங்கள் நாட்டுக்காக வெளிநாடு போய் ஆடிட்டு வந்துட்டாங்க.

டிசம்பர் 16 அன்று நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, நம்ம ஈஇஇ பசங்களுக்கும் பிடிக்கும். வேலை இல்லாமல் தவித்த முன்னாள் வீரர்களுக்காக ராத்திரியில் ஒரு மேட்ச் நடத்தணும். ஃப்ளட்லைட் என்ற சங்கதியே அப்போ அந்த ஊர்களில் இல்லை. ராணுவத்திடம் விமானத்தைத் தேடுற சர்ச்லைட் கேட்டாங்க. அப்போ போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், அனுமதி கொடுத்தார். ரெண்டு சர்ச்லைட், ஜெனரேட்டர், சுத்தி கார்பைடு விளக்குகள். பழுப்புத் தோல் பந்து இருட்டுல தெரியாதுன்னு வெள்ளை அடிச்சு வெச்சாங்க. பன்னிரண்டாயிரம் பேர் குளிரில் நின்று பார்த்தார்கள். 4-0.

பத்து நாள் கழிச்சுத்தான் நான் முதலில் சொன்ன குடிசன் பார்க் மேட்ச். எதிர் டீம் யார் தெரியுமா? செயின்ட் ஹெலன்ஸ், லில்லியோட சொந்த ஊர். டீமின் முக்கிய ஃபார்வர்ட் ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டுட்டாங்க. அதனால கேப்டன் ஆலிஸ் கெல் பின்னாலிருந்து முன்னால வந்து ரெண்டாவது பாதியில் மூணு கோல் போட்டாங்க. 4-0. லில்லி அன்னிக்குக் கோல் போடல. சொந்த ஊர்க்காரங்கன்னு விட்டுட்டாளோ என்னவோ, அது என் கற்பனை. வசூல் 3,115 பவுண்டு, எல்லாம் தர்ம காரியத்துக்கு.

1921-ல் அந்த டீம் 67 மேட்ச் ஆடியது. கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். பகலில் எல்லாருக்கும் தொழிற்சாலை வேலை, அதை மறந்துடாதீங்க. அந்த வருஷம் சுரங்கத் தொழிலாளர்களை வேலைக்கு வராதேன்னு முதலாளிகள் கேட்டைப் பூட்டினபோது, அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டவும் பெண்கள் டீம்கள் ஆடின. போரில் அடிபட்டவங்களுக்கு ஆடினபோது எல்லாரும் கை தட்டினாங்க. சுரங்கக்காரங்களுக்கு ஆடினபோது எல்லாரும் தட்டல.

1921 டிசம்பர் 5. இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் லண்டனில் கூடி ஒரு தீர்மானம் போட்டது. ஃபுட்பால் பெண்களுக்குப் பொருத்தமே இல்லாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது. வசூலில் செலவு என்ற பேரில் நிறைய போகுது, தர்மத்துக்கு வர்றது போதல. அதனால் தங்களைச் சேர்ந்த எந்த கிளப்பும் பெண்கள் மேட்சுக்கு மைதானம் தரக் கூடாது. இவ்வளவுதான். பெண்கள் ஆடக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடல. ஐம்பதாயிரம் பேர் உட்கார இடம் இருக்கிற மைதானம் எல்லாம் அந்த கிளப்புகள் கையில இருந்தது. பூட்டைப் போட்டா போதும். அன்று லில்லிக்கு வயசு பதினாறு.

இங்க ஒரு விஷயம் நம்ம ஊரைத் தொடுது. தீர்மானத்துக்கு ஆதரவா டாக்டர்களும் பேசினாங்க. அதில் முக்கியமானவர் மேரி ஷார்லீப், லண்டனில் பெரிய மகளிர் மருத்துவர். பெண் உடம்பு இந்த ஆட்டத்தைத் தாங்காது என்பது அவர் கருத்து. இந்தப் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்த முதல் நாலு பெண்களில் ஒருவர். பிறகு மெட்ராஸில் பெண்களுக்காகவே ஆஸ்பத்திரி தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்னிக்கும் ஆட்டோக்காரர்களிடம் கோஷா ஆஸ்பத்திரின்னு சொன்னா கொண்டுபோய் விடுவாங்களே, அதே கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. டாக்டர் படிப்பு பொம்பளைக்கு ஒத்துவராதுன்னு சொன்னவங்களைத் தாண்டித்தான் அவர் டாக்டர் ஆனார். ஆயிரக்கணக்கான நம்ம ஊர்ப் பாட்டிகளின் உயிர் அவர் தொடங்கின இடத்துல பிழைச்சிருக்கும். அவரே லில்லி மாதிரிப் பொண்ணுங்களுக்கு இது ஆகாதுன்னு சொன்னார். இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம் வரல, கொஞ்ச நேரம் என்ன நினைக்கிறதுன்னே தெரியல. அவரை வில்லி ஆக்கி எழுத எனக்கு மனசு வரல. ஆனா அவர் சொன்னது தப்பு. அதுக்கு லில்லியோட அடுத்த முப்பது வருஷம் சாட்சி.

இனிமேல் லில்லியை அவர்னு எழுதுறதுதான் சரி.

தடைக்கு அடுத்த வருஷம் டீம் கப்பல் ஏறியது. கனடாவில் ஆடத்தான் திட்டம். கப்பல் போய்ச் சேர்ந்தா, அந்த நாட்டு அசோசியேஷனும் முடியாதுன்னு சொல்லிடுச்சு. அப்படியே அமெரிக்கா போனார்கள். அங்க வேற சிக்கல், மோத வந்தது ஆண்கள் டீம்கள். அதுவும் நல்ல கிளப்புகள். ஒன்பது மேட்ச் ஆடினார்கள். மூணு வெற்றி, மூணு டிரா, மூணு தோல்வி. லில்லிக்கு அப்போ பதினேழு வயசு. பெண்கள் உடம்பு தாங்காதுன்னு சொன்ன தீர்மானத்துக்கு ஒரு வருஷம்கூட ஆகல.

அதுக்கப்புறம் வந்த வருஷங்களைப் பத்தி எழுத விஷயம் கம்மி, ஏன்னா பேப்பர்ல எழுதினவங்க கம்மி. பெரிய மைதானம் கிடையாது. பூங்கா, ரக்பி மைதானம், எங்க இடம் கிடைக்குதோ அங்க. கூட்டம் ஆயிரம், ரெண்டாயிரம். 1920-களின் நடுவில் கம்பெனியே டீமைக் கைவிட்டது, பேர் பிரெஸ்டன் லேடீஸ் என்று மாறியது. தொழிற்சாலை வேலை போன லில்லி, பிரெஸ்டனுக்கு வெளியே விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். வார நாள் முழுக்க வார்டு, சனி ஞாயிறு மேட்ச். அங்கே சந்தித்த பெண்ணோடு காதலாகி, ஊருக்குப் பக்கத்தில் கூஸ்னார் கிராமத்தில் சேர்ந்து வாழ்ந்தார். அந்தக் காலத்தில் அதை ஒளிக்காமல் வாழ்ந்தது பற்றி அவர் எங்கேயும் பெருசாப் பேசிக்கல. அவர் எதைப் பத்தியும் பெருசாப் பேசிக்கிற ஆள் இல்ல.

பேச்சு கம்மின்னு சொன்னேன், ஆனா வாய் சும்மா இருக்காது. ஒரு மேட்சுக்கு முன்னாடி டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள வர்றார். ஒருத்தி முட்டிக்குக் கட்டு, ஒருத்தி கணுக்காலுக்குக் கட்டு, இன்னொருத்தி தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. பிரான்ஸில் லூர்து மாதா கோயிலுக்கு நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போவார்களே, நம்ம ஊர்ல வேளாங்கண்ணி மாதிரி, அந்த கோஷ்டி இதுதானான்னு கேட்டுட்டு உட்கார்ந்தாராம். கூட ஆடினவங்க வயசான பிறகும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க.

1937-ல் எடின்பரோ பெண்கள் அணியோடு உலக சாம்பியன் யார்னு ஒரு மேட்ச், பிரெஸ்டன் 5-1 என்று ஜெயித்தது. எந்த அசோசியேஷனும் அங்கீகரிக்காத உலக சாம்பியன் பட்டம். அப்புறம் இரண்டாம் உலகப்போர். போர் முடிந்து டீம் மறுபடி சேர்ந்தபோது லில்லிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, அப்போதுதான் கேப்டன் ஆனார். 1951-ல் ஆட்டத்தை விட்டார். வயசு 46. மொத்தம் தொள்ளாயிரத்துக்கும் மேல் கோல் என்று சொல்கிறார்கள். சரியான கணக்கு வேணும்னா யாராவது உட்கார்ந்து எழுதியிருக்கணும், எழுதி வைக்கிற அளவுக்கு அந்த ஆட்டங்களை யாரும் மதிக்கல. பதினாறு வயசுக்கு முன்னாடி ஆடின ரெண்டு வருஷ விவரம் தேதி, கூட்டம், ஸ்கோர்னு பக்கம் பக்கமா கிடைக்குது. அதுக்கப்புறம் ஆடின முப்பது வருஷம் ரெண்டு பாராவுல முடிஞ்சுடுது. இந்தக் கட்டுரையிலயும் அப்படித்தான் ஆச்சு, கவனிச்சிருப்பீங்க.

பிரெஸ்டன் டீம் 1965-ல் ஆள் இல்லாமல் கலைந்தது. ஆறு வருஷம் கழித்து, 1971-ல், தடை போனது. லில்லிக்கு 66 வயசு. அதற்கு நாலு வருஷம் முன்புதான் மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் நடந்து பிழைத்திருந்தார். 1978 மே 24 அன்று கூஸ்னார் வீட்டில் இறந்தார். அடக்கம் செய்தது செயின்ட் ஹெலன்ஸில், அண்ணன்களோடு ரக்பி ஆடின ஊரில்.

2002-ல் இங்கிலாந்தின் தேசிய ஃபுட்பால் மியூசியம் ஹால் ஆஃப் ஃபேம் ஆரம்பித்தபோது, அதில் இடம் பிடித்த முதல் பெண் லில்லி பார். 2019-ல் மான்செஸ்டரில் அந்த மியூசியத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பிரிட்டனில் ஒரு பெண் ஃபுட்பால் வீராங்கனைக்கு வைத்த முதல் சிலை அது. படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். சிகரெட்டைக் காணோம்.